பொனட்டுக்குள் இருக்கும் தகடு: ஒரு பழைய ஹைலக்ஸில் மாறிக் கிடந்த பின் டிஃபரன்ஷல்

இது ஒரே ஒரு வண்டியின் கதை. டிஃபரன்ஷல் என்றால் அச்சின் நடுவில் இருந்து, சாஃப்டின் சுழற்சியைச் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கர உருண்டை. வண்டிக்காரர், பாஸ் (வேலை செய்த மெக்கானிக்), முன்னம் வைத்திருந்தவர், யாருடைய பெயரும் இதில் இல்லை. செஸி நம்பரையும் எழுதவில்லை. நான் கல்முனைப் பக்கம் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையொன்றில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன், அதனால் இதை மெக்கானிக்கின் கண்ணால் அல்லாமல் சாமான் தேடுகிறவனின் கண்ணால்தான் எழுத முடியும்.

பின்னணி

வண்டிக்காரர் படுவான்கரையில் வயல் செய்கிறவர், அறுபதைத் தாண்டியவர். வெள்ளாவெளிக்கு உள்ளே அவருடைய வட்டை. மாரி காலத்தில் கடைசி இரண்டு கிலோமீற்றர் ரோடு என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை, உழவு மெசின் போட்ட தடம்தான். பசளை, விதைநெல், டீசல் கேன், ஆட்கள், அறுவடை முடிந்தால் நெல் மூட்டை, எல்லாம் ஒரே கெப்பில்தான் போய் வரும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு இங்கே முப்பது வருசத்துப் பழைய டபுள் கெப்பெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத விலைக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். இவரும் அந்தக் காலத்தில்தான் வாங்கினார். டொயோட்டா ஹைலக்ஸ், எல்என் 106, 1988 முதல் 1997 வரை ஓடிய ஐந்தாவது தலைமுறை, முன்னுக்கும் பின்னுக்கும் லீஃப் ஸ்பிரிங், முன்னுக்கு முழு அச்சு, 3எல் டீசல் எஞ்சின். வயல் வேலைக்கு அதைவிட நம்பிக்கையான வண்டி குறைவு என்பது என் சொந்தக் கருத்து. வாங்கும்போது பார்த்தது எஞ்சின் சத்தம், பொடியில் துரு, பதிவுப் புக்கில் உள்ள நம்பர். அச்சுகளுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, வழமையாகப் பார்க்கிறதும் இல்லை.

என்ன குறை

வட்டைக்குள் ஃபோர் வீல் போட்டுப் போய் வருவார், சேற்றில் ஒரு பிரச்சினையும் இல்லை. சேறு முடிந்து கிரவல் ரோட்டுக்கு ஏறி இருநூறு முந்நூறு மீற்றர் போனதும் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இறுகும், வளைவில் முன் டயர் துள்ளும், ஃபோர் வீல் தடியை வெளியே எடுக்கப் பார்த்தால் வராது. ரிவர்ஸில் கொஞ்சம் பின்னால் விட்டால்தான் “டக்” என்று கழரும். ஒரு வருசத்துக்குள் முன் சாஃப்டின் (முன் அச்சுக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டு) யூ ஜொயின்ட், அதாவது அதன் மூட்டு, இரண்டு தரம் போனது.

பாகநேர ஃபோர் வீல் வண்டி எதுவும் காய்ந்த ரோட்டில் கொஞ்சம் இறுகத்தான் செய்யும், வளைவில் முன் சில்லும் பின் சில்லும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அதனால் முதலில் பார்த்த கராச்சில் “இது பழைய வண்டி, இப்படித்தான்” என்று சொல்லி ட்ரான்ஸ்ஃபர் பெட்டியை (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுழற்சியைப் பிரிக்கிற பெட்டி) திறந்து பெயாரிங் மாற்றினார்கள். குறை அப்படியே இருந்தது. இன்னொரு இடத்தில் முன் ஹப் (சில்லை அச்சோடு பூட்டுகிற நடுப் பாகம்) இரண்டையும் கழற்றிக் கழுவிக் கிரீஸ் போட்டார்கள். அதற்கும் மாறவில்லை. மூன்றாவதாகத்தான் எனக்குப் பழக்கமான ஒரு பாஸிடம் வண்டி வந்தது. பட்டிருப்புப் பாலம் கடந்து, களுவாஞ்சிகுடியில் ஏ4 ரோட்டுக்கு ஏறி, கல்முனைக்கு வந்து சேர்ந்த மனுசன் இறங்கியதும் சொன்ன முதல் கதை: “மனே, ரெண்டு போகத்து லாபத்த இந்தக் கெப்புக்கே குடுத்திட்டன். இனி வித்திடுவன்.”

பாஸ் முதலில் டயர் பார்த்தார். நான்கும் ஒரே அளவு, தேய்வும் கிட்டத்தட்ட ஒன்று. முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் போட்டாலும் இதே குறைதான் வரும் என்பதால் அதை முதலில் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், வண்டிக்காரரே பேச்சுவாக்கில் சொன்னது. மகன் போனில் வேகம் பார்க்கிறானாம், மீற்றரில் 50 காட்டும்போது போன் 52 காட்டுகிறதாம், “போன் பிழை” என்று விட்டிருக்கிறார். எனக்கு அது மனதில் இருந்தது. மீற்றர்கள் பொதுவாக உள்ள வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். இது குறைத்துக் காட்டுகிறது. இந்த ஹைலக்ஸில் மீற்றர் கேபிள் ட்ரான்ஸ்ஃபரின் பின் வெளியீட்டில் இருந்து வருகிறது, அதாவது பின் சாஃப்ட் சுற்றுகிற கணக்கை வைத்துத்தான் மீற்றர் ஓடுகிறது. பின் சாஃப்ட் கம்பெனி நினைத்ததைவிடக் குறைவாகச் சுற்றினால் மீற்றரும் குறைத்துத்தான் சொல்லும்.

தகட்டை வாசித்தது

அதனால்தான் பொனட்டைத் திறந்து தகட்டைத் தேடினோம். எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே உள்ள தகர மறைப்பில் ரிவிட் அடித்த அலுமினியத் தகடு. வண்டி இப்போது கடும் நீலம். பெயின்ட் அடித்தவர் தகட்டுக்கு மேலாலும் அடித்துவிட்டார். பாதி எழுத்து நீலத்துக்குள்.

இந்தத் தகட்டில் என்ன இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதில் வண்டியின் வருசம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இந்தப் பழைய ஹைலக்ஸ் தகட்டில் வருசம் இல்லை. மொடல் குறியீடு, எஞ்சின் வகை, செஸி நம்பர், நிறமும் உள்ளலங்காரமும், கியர்பொக்ஸும் அச்சும், செய்த ஆலை, இவ்வளவுதான். பதினேழு எழுத்து நம்பர் உள்ள ஏற்றுமதி வண்டிகளிலும் பத்தாவது இடத்தில் வருச எழுத்து இருக்கும் என்று நம்பக்கூடாது, அமெரிக்கா தவிர்ந்த நாடுகளுக்குப் போன பல டொயோட்டாக்களில் அந்த இடத்தில் வெறும் பூச்சியம்தான் இருக்கும். வருசம் வேண்டுமென்றால் செஸி நம்பர் எந்த வரிசைக்குள் விழுகிறது என்று பார்ட்ஸ் கட்டலொக்கில் பார்க்க வேண்டும். சீற் பெல்ட்டின் அடியில் தைத்த லேபிளில் உள்ள திகதி ஒரு நல்ல துணைச் சாட்சி, பெல்ட் மாற்றப்படாமல் இருந்தால்.

மொடல் குறியீட்டை உடைத்தால் எல் என்பது எஞ்சின் குடும்பம், என் என்பது ஹைலக்ஸ், 106 அந்த வகையின் இலக்கம், அதற்குப் பிறகு வரும் ஆர் வலப்பக்க ஸ்டியரிங். கோட்டுக்குப் பின்னால் உள்ள எழுத்துக்களில் எம் என்றால் ஐந்து கியர் மெனுவல், எஸ் என்றால் டீசல். எஞ்சின் வரியில் 3எல் என்று இருந்தது, அது 2779 சிசி. அதே குடும்பத்தில் 2எல் 2446 சிசி, 5எல் 2986 சிசி. வெளியே பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதனால் பிளொக்கில் உள்ள எழுத்தையும் ஒப்பிட்டோம், சரியாக இருந்தது. தகட்டில் எஞ்சினின் வகைதான் இருக்கும், அதன் தனி நம்பர் இருக்காது. செஸி நம்பரை வலப்பக்க முன் சில்லுக்குப் பக்கத்தில் செஸியில் அடித்திருக்கும், மண்ணைச் சுரண்டிப் பார்த்தோம், தகடு, செஸி, புக் மூன்றும் ஒன்று. நிறத்துக்கு 040 என்று இருந்தது, அது வெள்ளை. இந்த நீலக் கெப் வெள்ளையாகப் பிறந்தது, அவ்வளவுதான், அதில் குற்றம் ஒன்றுமில்லை.

எங்களுக்கு வேண்டியது அச்சு வரி. அதில் முதல் எழுத்து கிரௌன் வீலின், அதாவது டிஃபரன்ஷலுக்குள் உள்ள பெரிய பல்சக்கரத்தின், அளவு, ஜி என்றால் 8 அங்குலம். அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் விகிதத்துக்கான குறியீடு, சில்லுகள் ஒரு சுற்றுச் சுற்ற சாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதுதான் விகிதம். கடைசி இலக்கம் உள்ளே எத்தனை சின்னப் பினியன் (சின்னப் பல்சக்கரம்) என்பதைச் சொல்லும். விகித இலக்கம் விகிதத்தை நேரடியாகச் சொல்லாது, டொயோட்டாவின் அட்டவணையில் தேடித்தான் எடுக்க வேண்டும். மிற்சுபிசியின் பழைய தகடுகள் இதில் நல்லவை, 4636 என்று அடித்திருந்தால் விகிதம் 4.636, யாரையும் கேட்கத் தேவையில்லை.

நான் விட்ட பிழை

தகட்டைப் போனில் படம் எடுத்து, கடைக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்து, அட்டவணையில் தேடி, 4.3 என்று முடிவெடுத்தேன். நடு இலக்கம் ஒன்றின் பள்ளத்துக்குள் நீலப் பெயின்ட் நிறைந்திருந்தது. நான் வாசித்தது பெயின்ட்டின் வடிவம். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

பாஸ் இதற்கிடையில் சில்லைச் சுற்றிச் சாஃப்ட் சுற்றை எண்ணிவிட்டார், முறையைக் கீழே சொல்கிறேன். முன் அச்சு 4.5 பக்கம், பின் அச்சு 4.3 பக்கம். என்னுடைய 4.3ஐ வைத்துப் பார்த்தால் பின்னுக்கு இருப்பது சரி, முன்னுக்கு யாரோ மாற்றியிருக்கிறார்கள். முன்னுக்கு 4.3 தேடிச் சொல்லட்டுமா என்று போனைக் கையில் எடுத்தும் விட்டேன். பாஸ்தான் நிறுத்தினார். “தம்பி, முன்னுக்கு யாரு கை வெச்சது? நட்டப் பாருங்க.”

படுத்துப் பார்த்தேன். முன் டிஃபரன்ஷலைச் சுற்றியுள்ள நட்டுகளில் பழைய கறுப்புப் பெயின்ட் மூலைவரை அப்படியே இருந்தது, ஸ்பானர் பட்ட அடையாளம் ஒன்றும் இல்லை, கஸ்கட் ஓரம் காய்ந்து பழுப்பாகி இருந்தது. பின்னுக்குப் போனால் நட்டு மூலைகள் மழுங்கி, இரண்டு நட்டு வேறு நிறம், ஓரத்தால் சிவப்புச் சிலிக்கன் பிதுங்கி வெளியே நின்றது. எந்த அச்சைக் கழற்றியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அதனால் தகட்டுக்குத் திரும்பினோம். கம்பிப் பிரஷ்ஷால் உரசினால் எழுத்தும் சேர்ந்து போகும், அதைச் செய்யவே கூடாது. பஞ்சில் தின்னர் தொட்டு ஒற்றி ஒற்றிப் பெயின்ட்டை இளக்கி, பல் குத்தும் குச்சியால் பள்ளத்தில் இருந்ததை எடுத்தோம். அப்புறம் மெல்லிய எண்ணெய்த் தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சரித்துப் பிடித்துத் தேய்த்தேன், சின்ன வயதில் சில்லறைக் காசுக்கு மேலே தாள் வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி. இலக்கம் வெள்ளையாக எழுந்து வந்தது, நான் போனில் பார்த்த இலக்கம் அல்ல. அட்டவணையில் அதற்குரிய விகிதம் 4.556.

அதாவது முன் அச்சுதான் பிறந்த அச்சு. மாறியது பின்.

சுற்று எண்ணியது எப்படி

இதைச் செய்ய எந்த மெசினும் தேவையில்லை என்பதால் முறையை முழுதாகச் சொல்கிறேன். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின் சில்லில் ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்கி, அச்சுக்கு ஸ்டாண்ட் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரை நியூட்ரலில் விட வேண்டும். டயரிலும் மட்கார்டிலும் சோக்கால் ஒரு கோடு, சாஃப்டிலும் ஒரு கோடு. ஒருவர் சில்லைச் சுற்ற, மற்றவர் கீழே படுத்துச் சாஃப்ட் சுற்றை எண்ண வேண்டும். மற்றச் சில்லு தரையில் நிற்பதால் தூக்கிய சில்லு இரண்டு தரம் சுற்றினால்தான் விகிதக் கணக்கு ஒன்று முழுமையாகும். எல்எஸ்டி, அதாவது ஒரு சில்லு மட்டும் தனியாகச் சுற்றுவதைத் தடுக்கிற டிஃபரன்ஷல், உள்ள அச்சுக்கு இந்த முறை சரிவராது.

பெரும்பாலானவர்கள் இரண்டு சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். பல்லிடை லூசில் கால் சுற்று அங்கே இங்கே போய்விடும், 4.3க்கும் 4.5க்கும் வித்தியாசம் பிடிபடாது. பாஸ் இருபது சுற்றுச் சுற்றினார். இருபது சுற்று என்றால் பத்து விகிதக் கணக்கு, வந்ததைப் பத்தால் பிரிக்க வேண்டும். பின்னுக்கு 43 வந்தது, அச்சொட்டாக. முன்னுக்கு, இரண்டு ஹப்பையும் லொக் பண்ணி, ட்ரான்ஸ்ஃபரை டூ வீலில் விட்டு, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து அதே இருபது சுற்று: 45 தாண்டி இன்னும் அரைச் சுற்று. கிரௌன் வீலில் 43 பல்லு, அதைச் சுற்றுகிற பினியனில் 10 பல்லு என்றால் 4.3. 41க்கு 9 என்றால் 4.556.

இந்த ஆறு வீத வித்தியாசம் ரோட்டில் என்ன செய்யும் என்று வண்டிக்காரருக்கு விளங்கப்படுத்த ஒரு கணக்குப் போட்டேன். இந்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீற்றர் போகும். நூறு மீற்றரில் முன் சாஃப்ட் 198 சுற்றுச் சுற்ற வேண்டும், பின் சாஃப்ட் 187. ஃபோர் வீல் போட்டால் இரண்டு சாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும், ஒரே கணக்கில்தான் சுற்ற முடியும். மிஞ்சிய பதினொரு சுற்று எங்கே போகும்? சேற்றில் டயர் வழுக்கி அதைக் கழித்துவிடும். கிரவலில் பாதி கழியும், பாதி யூ ஜொயின்ட்டிலும் ட்ரான்ஸ்ஃபர் பல்லிலும் முறுக்காக ஏறி நிற்கும். ரிவர்ஸ் போட்டதும் தடி கழருவது அந்த முறுக்கு அவிழ்வதால்தான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப பெயாரிங்ல ஒண்ணும் இல்லையா மனே?” என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்விதான் இன்னும் மனதில் நிற்கிறது.

எடுத்த முடிவும் காரணமும்

இரண்டு வழி இருந்தது. முன்னுக்கு 4.3 போடலாம், அல்லது பின்னுக்கு 4.556 போடலாம். இரண்டும் சமமானால் குறை தீரும். பின்னைத்தான் மாற்றுவது என்று தீர்மானித்தோம். முன் டிஃபரன்ஷல் தொடப்படாதது, நல்ல நிலையில் இருக்கிறது, அதைக் கழற்ற வேண்டுமென்றால் முன் சில்லுப் பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். பாரம் இழுக்கிற வண்டிக்கு 4.556 தான் உகந்தது, முதல் கியரில் மூட்டையோடு மேட்டில் ஏறும்போது அது தெரியும். மீற்றரும் தானாகச் சரியாகும். அதோடு, அடுத்த தரம் யாராவது தகட்டைப் பார்த்துச் சாமான் எடுத்தால் அது வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்பதும் எனக்கு முக்கியமாகப் பட்டது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் எடுக்கிற ஒருவரிடம் சொல்லிவிட்டோம். “அதே மொடலில் கழற்றியது” என்று வந்தது. பஸ்ஸில் வந்த பெட்டியைத் திறந்து, கிரௌன் வீலில் ஒரு பல்லுக்குச் சோக் தடவி எண்ணினோம்: 41. பினியனை எண்ணினால் 10. அதாவது 4.1, முன்னைவிடப் பெரிய பிழை. எண்ணாமல் பூட்டியிருந்தால் இன்னொரு தரமும் அந்த மனுசன் காசைக் கொட்டியிருப்பார். திருப்பி அனுப்பினோம், இந்த முறை மொடல் பெயரைச் சொல்லாமல் “41க்கு 9” என்று மட்டும் சொன்னேன், பல்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்பது நாளில் சரியான சாமான் வந்தது. பின்னுக்கு வேலை சுருக்கம்: இரண்டு பக்க அச்சுத் தண்டையும் இழுத்து, சாஃப்டைக் கழற்றி, சுற்றியுள்ள பத்து நட்டை எடுத்தால் முழு உருண்டையும் முன்பக்கத்தால் வெளியே வரும். ஒரு நாளில் பூட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி இருபது சுற்று எண்ணிப் பார்த்தார்கள். 45 அரை.

பிறகு நடந்தது

அதற்குப் பின் ஒரு பெரும்போகம் முழுக்க வண்டி ஓடிவிட்டது. கிரவலில் ஏறியதும் தடி ஒற்றை விரலுக்குக் கழருகிறது. மீற்றர் 50 காட்டும்போது போன் 49 காட்டுகிறது. யூ ஜொயின்ட் இன்னும் போகவில்லை. ட்ரான்ஸ்ஃபரில் மட்டும் ஒரு சின்ன இரைச்சல் தங்கிவிட்டது, முறுக்கிலேயே ஓடிய காலத்தில் பல் கொஞ்சம் அடிபட்டிருக்கும் என்று பாஸ் நினைக்கிறார், இப்போதைக்குத் திறக்கப் போவதில்லை. பெயாரிங்குக்கும் ஹப்புக்கும் செலவழித்த காசு திரும்பி வராது.

பின் அச்சை முன்னம் மாற்றியவர் ஏமாற்றத்தான் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குக் கிடைத்த உருண்டை பொருந்தியிருக்கும், நட்டு ஓட்டை எல்லாம் ஒன்றுதான், டூ வீலில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது. ஃபோர் வீல் போடாதவர் பத்து வருசமும் இப்படி ஓட்டலாம்.

நான் இப்போது மாற்றிச் செய்வது

பெயின்ட் பட்ட தகட்டைப் போன் படத்தை வைத்து வாசிப்பதை விட்டுவிட்டேன். தின்னர், பஞ்சு, எண்ணெய்த் தாள், பென்சில், நாலும் கடையில் ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது, தேய்த்த தாளையும் திகதி போட்டு வைத்துக்கொள்கிறேன். தகட்டை வாசித்து முடித்ததும் உடனே சாமான் சொல்வதில்லை, முதலில் நட்டைப் போய்ப் பார்க்கிறேன். தகடு சொல்வது வண்டி ஆலையை விட்டு வெளிக்கிட்ட நாளின் நிலைமை, அதற்குப் பிறகு முப்பது வருசம் எத்தனை கை பட்டது என்று அதற்குத் தெரியாது.

ஃபோர் வீல் கெப் வாங்கப் போகிறவர்கள் சாமான் கேட்க வந்தால், புக்கைப் பார்த்த மாதிரியே தகட்டையும் பார்த்து, முன்னும் பின்னும் இருபது சுற்று எண்ணச் சொல்கிறேன். இரண்டு பேர், ஒரு ஜக், ஒரு சோக், அரை மணித்தியாலம். போன மாதம் அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தம்பி அப்படி எண்ணிவிட்டுப் போன் பண்ணினார், முன்னுக்கும் பின்னுக்கும் 41, இருபது சுற்றுக்கு. வாங்கச் சொன்னேன்.